கணக்கில் வராத பறவைகள்

வாத்து வேட்டை திறக்கும் நாள் நெருங்கிவிட்டது. கனடாவின் மானிடோபாவிலும் சஸ்காட்சுவானிலும், அமெரிக்காவின் இரண்டு டகோட்டாக்களிலும் உள்ள புல்வெளிக் குட்டைகளில் இந்தக் கோடையில் பொரித்த குஞ்சுகளுக்கு இறக்கை முற்றிவிட்டது. குட்டைகள் உறையத் தொடங்கியதும் அவை தெற்கே கிளம்பும். நவம்பர் கடைசியில் ஆர்கன்சா மாநிலத்தின் ஸ்டட்கார்ட் ஊரைச் சுற்றிய நெல்வயல்களிலும், தண்ணீர் கட்டி நிற்கும் ஓக் காடுகளிலும் பச்சைத் தலை மல்லார்டு வாத்துகள் வந்திறங்கும். அவை தயார். நாம் தயாராக இல்லை. நம்மில் பலர் இன்னும் துப்பாக்கி வாங்கவில்லை. வாங்கியவர்கள் குளிர்ச்சட்டை போட்டுக்கொண்டு அதைத் தோளில் வைத்துப் பார்க்கவில்லை. வைத்துப் பார்த்தவர்களும் ஒரு தாளின் மீதுகூடச் சுட்டுப் பார்க்கவில்லை. சீசன் திறப்பதற்கு முந்தின இரவு கடைக்கு ஓடி, அலமாரியில் மிஞ்சியிருப்பதை வாங்கி, விடியலில் ஓர் உயிரின் மீதா அதைச் சோதித்துப் பார்க்கப் போகிறோம்? வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்கவே இதை எழுதுகிறேன்.

எந்த செமி ஆட்டோமேட்டிக் ஷாட்கன் நல்லது என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கிறோம். எது விலை குறைவு, எது வேகமாகச் சுடும், எதன் மேல் சதுப்புப் புல்லின் நிறம் அச்சாக ஒட்டியிருக்கிறது என்று கேட்கிறோம். கேட்க வேண்டியதை விட்டுவிடுகிறோம். இந்தத் துப்பாக்கி என் கையில் இருக்கும்போது, நான் சுடும் பறவை அந்த நொடியிலேயே உயிர் விடுமா? அல்லது இரண்டு ரவையை வயிற்றில் வாங்கிக்கொண்டு, நாணலுக்குள் விழுந்து, மூன்று நாள் கிடந்து சாகுமா? மற்ற எல்லாம் இதற்குப் பின்னால்தான்.

பையில் விழுந்த பறவையை எண்ணுகிறோம். படம் எடுக்கிறோம். சுடப்பட்டும் கைக்கு வராத பறவையை யார் எண்ணுகிறார்கள்? அமெரிக்க வனவிலங்கு அதிகாரிகள் ஒரு காலத்தில் வேட்டைக்காரர்களுக்குத் தெரியாமல் மறைவில் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தார்கள். எத்தனை சுட்டார்கள், எத்தனை விழுந்தன, எத்தனை அடிபட்டுப் பறந்தன என்று குறித்தார்கள். வேட்டைக்காரர்கள் தாமாக எழுதிக் கொடுத்த கணக்கைவிட, மறைந்திருந்து எண்ணிய கணக்கில் அடிபட்டுத் தொலைந்த பறவைகள் அதிகமாகவே இருந்தன. அவர்கள் எல்லாரும் பொய்யர்கள் என்று நான் சொல்லவில்லை. தூரத்தில் ஒரு பறவை குலுங்கிவிட்டுத் தொடர்ந்து பறந்தால் 'தப்பிவிட்டது' என்று மனம் தானாகவே எழுதிக்கொள்கிறது. மனம் எழுதுகிற கணக்கு வேறு. நடந்த கணக்கு வேறு. நாம் பதில் சொல்ல வேண்டியது நடந்த கணக்குக்கு.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. அடித்த பறவையைத் தேடி எடுக்க நியாயமான முயற்சி செய்தே ஆக வேண்டும் என்கிறது அமெரிக்கக் கூட்டாட்சி விதி. குற்றுயிராகக் கிடைத்த பறவையை உடனே கொன்று அன்றைய வரம்பில் சேர்க்க வேண்டும் என்கிறது. ஆர்கன்சாவில் நாளுக்கு ஆறு வாத்து என்றால், நாய் கவ்விக்கொண்டு வந்த அந்த நொண்டிப் பறவையும் ஆறில் ஒன்று. சட்டம் கண்டுபிடிக்க முடிந்ததை மட்டும் எண்ணுகிறது. கண்டுபிடிக்க முடியாததையும் சேர்த்து எண்ண வேண்டியவர்கள் நாம்.

இந்தச் செமி ஆட்டோமேட்டிக் நம் கைக்கு எப்படி வந்தது என்பதை மறக்கலாகாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் செசபீக் விரிகுடாவில் சந்தைக்காக வேட்டையாடியவர்கள் படகின் முனையில் பீரங்கி போன்ற பெருந்துப்பாக்கியைப் பொருத்தி, உறங்கும் கூட்டத்தின் மீது ஒரே வெடியில் ரவையை வாரி இறைத்தார்கள். வாத்துகள் பீப்பாய் பீப்பாயாக ரயிலேறி பால்டிமோர், நியூயார்க் உணவகங்களுக்குப் போயின. லாப்ரடார் வாத்து என்று ஓர் இனம் இருந்தது. 1870களுக்குப் பிறகு அதை உயிரோடு யாரும் பார்க்கவில்லை. வானத்தை மறைத்துப் பறந்த பயணிப் புறாவின் கடைசிப் பெண் 1914 செப்டம்பர் 1 அன்று சின்சினாட்டி விலங்குக்காட்சிசாலையின் கூண்டில் செத்தது. அந்தக் காலத்தின் நடுவில்தான், 1900இல், துப்பாக்கி வடிவமைப்பாளர் ஜான் பிரவுனிங் தானாகத் தோட்டா ஏற்றிக்கொள்ளும் ஷாட்கன்னுக்குக் காப்புரிமை பெற்றார். பெல்ஜியத்தில் தயாராகி உலகெங்கும் போன அந்த ஆட்டோ 5, பெயருக்கேற்ப ஐந்து தோட்டா கொண்டது. பிராங்க்ஸ் விலங்குக்காட்சிசாலையின் இயக்குநர் வில்லியம் ஹார்னடே அதைப் பார்த்து அஞ்சினார். அழிந்துவரும் உயிர்களைப் பற்றி 1913இல் வெளியிட்ட நூலில், இந்த வகைத் துப்பாக்கிகளை வேட்டைக்களத்திலிருந்தே விலக்க வேண்டும் என்று வாதாடினார். பென்சில்வேனியா மாநிலம் ஒரு காலத்தில் அவற்றை வேட்டையில் விலக்கியே வைத்திருந்தது.

1935இல் நாடு முழுவதற்கும் ஒரு நடுவழி வந்தது. நீர்ப்பறவை வேட்டையில் ஒரு துப்பாக்கிக்கு மூன்று தோட்டாவுக்கு மேல் இருக்கக் கூடாது. மேகசினுக்குள் ஓர் அடைப்புக் குச்சி இருக்க வேண்டும். துப்பாக்கியைக் கழற்றாமல் அதை வெளியே எடுக்க முடியக் கூடாது. செமி ஆட்டோமேட்டிக்கை நாம் வைத்துக்கொள்ள அனுமதித்த உடன்படிக்கை அந்தச் சின்ன மரக்குச்சியில்தான் நிற்கிறது. புதுத் துப்பாக்கி வாங்கியதும் முதலில் அதைப் பாருங்கள். உள்ளே இருக்கிறதா? தோட்டாவைப் போட்டு எண்ணுங்கள். பனிக் கூஸ் (ஸ்னோ கூஸ்) பறவைகள் பெருகிவிட்டன என்று தனி உத்தரவின் கீழ் சில மாதங்களில் குச்சியை எடுக்க அனுமதி உண்டு. அப்போது கழற்றியதைத் திரும்பப் போட மறந்துவிட்டு அடுத்த சீசனுக்குப் போகிறவர்கள் உண்டு. மறந்துவிட்டேன் என்று சொல்லித் தப்ப முடியாது.

இன்னும் ஒன்று. மூன்று தோட்டா என்பது மூன்று முறை தவறலாம் என்பதற்கான அனுமதி அல்ல. முதல் தோட்டா பறவைக்கு. இரண்டாவது, முதலில் அடிபட்டதை முடிப்பதற்கு. மூன்றாவது, தண்ணீரில் விழுந்து கழுத்தைத் தாழ்த்தி நீந்தித் தப்பப் பார்க்கும் பறவையின் வேதனையை நிறுத்துவதற்கு. செமி ஆட்டோமேட்டிக்கின் நியாயமே இதுதான். கையால் எதையும் இழுக்காமல், கன்னத்தைத் துப்பாக்கிக் கட்டையிலிருந்து எடுக்காமல், காயப்பட்டதை உடனே முடிக்க அது உதவுகிறது. தூரத்தில் போகும் கூட்டத்தின் மீது மூன்றையும் தொடர்ந்து கொட்டினால், அதே கருவி காயங்களைப் பெருக்குகிறது. ஹார்னடே பயந்தது அதற்குத்தான்.

இனி தேர்வுக்கு வருவோம். உடலுக்குப் பொருந்துவதே முதல் கடமை. ஷாட்கன்னைக் குறிபார்த்துச் சுடுவதில்லை. கண் பறவையைப் பார்க்கிறது, துப்பாக்கி கண் பார்க்கும் இடத்துக்குப் போகிறது. அப்படிப் போக வேண்டுமானால், தூக்கியவுடன் கன்னம் ஒரே இடத்தில் உட்கார வேண்டும், கண் குழலின் மேல்தகட்டுக்கு நேராக நிற்க வேண்டும். கட்டை நீளமாக இருந்தால் சட்டையில் சிக்கும். குட்டையாக இருந்தால் கட்டைவிரல் மூக்கில் இடிக்கும். கன்னம் உட்காரும் பகுதி தாழ்ந்திருந்தால் சுடுவது பறவைக்குக் கீழே போகும், உயர்ந்திருந்தால் மேலே போகும். கீழே போனால் காலிலும் வயிற்றிலும் படும். அது எப்படிப்பட்ட சாவு என்று நினைத்துப் பாருங்கள்.

கடையில் பருத்திச் சட்டையோடு தூக்கிப் பார்த்துவிட்டு 'அருமை' என்று சொல்லாதீர்கள். டிசம்பர் விடியலில் நீங்கள் போடப்போகிற கனத்த சட்டையை எடுத்துக்கொண்டு போங்கள். கையுறையை எடுத்துக்கொண்டு போங்கள். கடைக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும். துப்பாக்கி காலி என்பதை இருவரும் பார்த்து உறுதி செய்தபின், கண்ணை மூடிக்கொண்டு தோளுக்குத் தூக்குங்கள், பிறகு கண்ணைத் திறந்து பாருங்கள். மேல்தகடு நேராகத் தெரிகிறதா? பாதுகாப்புப் பொத்தான் கையுறை விரலுக்கு எட்டுகிறதா? இப்போது வரும் செமி ஆட்டோமேட்டிக்குகள் பலவற்றில் கட்டைக்கும் துப்பாக்கியின் உடலுக்கும் நடுவே வைக்கும் மெல்லிய தகடுகளைப் பெட்டியிலேயே தருகிறார்கள். அவற்றை மாற்றிக் கட்டையின் சாய்வையும் உயரத்தையும் திருத்தலாம். அந்தத் தகடுகள் எத்தனை வீடுகளில் பெட்டி திறக்கப்படாமலே கிடக்கின்றன! இடக்கைக்காரர்களே, வெடித்த தோட்டாவின் கூடு உங்கள் முகத்துக்குக் குறுக்கே பறக்காதபடி இடக்கைக்கென்றே செய்த துப்பாக்கிகள் இருக்கின்றன, கேட்டு வாங்குங்கள். பெண்களே, சிறுவர்களுக்கு வாங்கித்தரும் தந்தையரே, அண்ணனுக்குச் சிறியதாகிப்போன துப்பாக்கி தம்பிக்குத் தானாகப் பொருந்திவிடாது. அளந்து பாருங்கள்.

அடுத்து, உள்ளே இயங்கும் முறை. இரண்டு வகை உண்டு. ஒன்று, வெடித்த வாயுவில் கொஞ்சத்தைக் குழலில் உள்ள துளை வழியே எடுத்து, பிஸ்டனைத் தள்ளி, அடுத்த தோட்டாவை ஏற்றும் வாயு முறை. 1963இல் வந்த ரெமிங்டன் 1100 இதைப் பரவலாக்கியது. உதை மென்மையாக இருக்கும், ஆனால் கரி படியும், அடிக்கடி கழற்றித் துடைக்க வேண்டும். மற்றது, இத்தாலியின் பெனெல்லி வளர்த்தெடுத்த இனெர்ஷியா முறை. உதையால் துப்பாக்கி பின்னே நகரும்போது போல்ட்டின் கனமான பகுதி நின்ற இடத்தில் நிற்க முயல்கிறது. அதனால் நடுவில் உள்ள வில்சுருள் அழுந்துகிறது. அது விரியும் வேகத்தில் அடுத்த தோட்டா ஏறுகிறது. உள்ளே வாயு வராததால் சுத்தமாக இருக்கும், உறுப்புகளும் குறைவு. ஆனால் தோளில் உதை கூர்மையாகத் தெரியும்.

எது சிறந்தது என்று என்னிடம் கேட்டால், உங்கள் குணத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள் என்பேன். களைத்து வீடு திரும்பிய இரவில் துப்பாக்கியைத் துடைக்காமல் படுப்பவர் வாயு முறையை வாங்கக் கூடாது. உதைக்குப் பயந்து, விசையை அழுத்தும் நொடியில் கண்ணை மூடுகிறவர் இனெர்ஷியா முறையை வாங்கக் கூடாது. கண் மூடுகிறவர் பறவையின் பின்பாதியில்தான் சுடுவார். இனெர்ஷியா வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. இருட்டில் சத்தம் வரக் கூடாது என்று போல்ட்டைக் கையால் மெல்ல விடாதீர்கள். அது முழுதாகப் பூட்டாமல் நின்றுவிடலாம், பறவை தலைக்கு மேல் வரும்போது விசை வெறுமனே 'க்ளிக்' என்னும். அந்தப் பதற்றத்தில் மறுபடி ஏற்றி, கைமீறிய தூரத்தில் சுடுகிறோம். காயம் அங்கேதான் பிறக்கிறது. எந்த முறையானாலும் கடுங்குளிரில் தடித்த எண்ணெய் இறுகிப் போல்ட்டைப் பிடித்துக்கொள்ளும். எண்ணெயைக் குறைத்துப் போடுங்கள்.

மூன்றரை அங்குலத் தோட்டா ஏற்கும் துப்பாக்கிதான் ஆண்மை என்று நினைக்கும் இளைஞர்களே, உங்களை அன்போடு நிறுத்துகிறேன். ஈயத்தை விட்டு எடை குறைந்த எஃகு ரவைக்கு மாறியபோது, கூட்டில் இடம் போதவில்லை என்று 1980களின் இறுதியில் 12 போர் (குழல் அளவு) துப்பாக்கிக்கு அந்த நீளத் தோட்டா வந்தது. பெரிய கூஸ்களுக்கு அதன் பயன் உண்டு. வாத்துக்கு மூன்று அங்குலம் தாராளம். அந்த மூன்றரை அங்குல உதையைப் பத்து முறை வாங்கிய தோள் பதினோராவது முறை தயங்கும். தயங்கிய தோளில் எந்தத் தோட்டாவும் நேராகப் போகாது. மெலிந்த உடலுக்கு 20 போர் கொடுங்கள், தூரத்தைக் குறைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அதில் குறைவேதும் இல்லை. ஆனால் 20 போர் தோட்டாவும் 12 போர் தோட்டாவும் ஒரே சட்டைப்பையில் ஒருபோதும் கலக்கக் கூடாது. சிறியது பெரிய குழலுக்குள் நழுவிப் போய்ச் சிக்கிக்கொள்ளும், பின்னால் பெரியதைப் போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும். 20 போர் தோட்டாக்களுக்கு மஞ்சள் நிறம் தந்திருப்பது அதற்காகவே. அருகில் நிற்கிற நண்பனின் கண்ணும் கையும் நம் பொறுப்பு. செமி ஆட்டோமேட்டிக் சுட்ட அந்த நொடியே மறுபடி சுடத் தயாராகிவிடுகிறது என்பதை ஒருபோதும் மறக்காதீர்கள்.

ரவையைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. வாத்து தன் இரையை அரைக்கச் சின்னக் கற்களை விழுங்கும் பறவை. சேற்றில் நாம் விட்ட ஈய ரவையைக் கல் என்று விழுங்கியது. வயிற்றில் அரைபட்ட ஈயம் ரத்தத்தில் கலந்து, இறக்கையைத் தொங்கவிட்டு, மெல்ல மெல்லக் கொன்றது. வட அமெரிக்க நீர்ப்பறவைகளில் ஆண்டுக்கு நூற்றுக்கு இரண்டு மூன்று இப்படி இறக்கின்றன என்று பறவை ஆய்வாளர் ஃபிராங்க் பெல்ரோஸ் 1959இலேயே எழுதினார். நீர்ப்பறவை வேட்டையில் ஈய ரவைக்கு அமெரிக்கா முழுவதும் தடை வந்தது 1991இல். இடையில் முப்பத்திரண்டு ஆண்டுகள்! தெரிந்த பிறகும் தள்ளிப்போட்ட ஆண்டுகள். எஃகு போதாது, எஃகு குழலைக் கெடுக்கும், அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்று சொல்லிச் சொல்லிக் கடத்திய ஆண்டுகள். ஒவ்வோர் ஆண்டுத் தாமதத்துக்கும் பறவைகள் விலை கொடுத்தன. தடைக்குப் பிறகு, 1997ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 14 லட்சம் வாத்துகள் ஈயச் சாவிலிருந்து தப்பின என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். தள்ளிப்போடாமல் இருந்திருந்தால் எத்தனை தப்பியிருக்கும் என்று நான் கணக்குப் போடப்போவதில்லை. நீங்கள் போட்டுப் பாருங்கள்.

எஃகின் குணத்தை அறிந்துகொண்டு துப்பாக்கி வாங்குங்கள். ஈயத்தின் அடர்த்தி 11.3 என்றால் எஃகுக்கு 7.8 தான். வேகத்தைச் சீக்கிரம் இழக்கும், ஆகவே ரவை பெரிதாக வேண்டும், தூரம் குறைய வேண்டும். நசுங்காததால் கூட்டமாகப் போகும், ஆகவே குழல்முனையைக் குறுக்கும் சோக் இறுக்கமாக இருக்கத் தேவையில்லை. தாத்தா காலத்துத் துப்பாக்கியின் மெல்லிய குழலில், இறுகிய சோக்கில் எஃகைச் சுட்டால் குழல் புடைத்துவிடும். பழைய குழல்களைச் செய்தவர்களே அவற்றில் எஃகு வேண்டாம் என்று எச்சரிக்கிறார்கள். பழைய துப்பாக்கி மீது பாசம் உண்டென்றால் பிஸ்மத் ரவை வாங்குங்கள். விலை கூடுதல்தான். பாசத்துக்கு விலை உண்டு, அதைப் பறவையின் தலையில் கட்டக் கூடாது.

பிறகு, தாளில் சுடுங்கள். இதைத்தான் மிகக் குறைவானவர்கள் செய்கிறார்கள். நாற்பது கஜத்தில் ஒரு பெரிய தாளைக் கட்டி, நடுவே ஒரு புள்ளி வைத்து, நீங்கள் சீசனில் பயன்படுத்தப்போகும் அதே தோட்டாவை, அதே சோக்கோடு சுடுங்கள். ரவை அடர்ந்த இடத்தைச் சுற்றி 30 அங்குல வட்டம் போடுங்கள். வட்டத்துக்குள் ஒரு வாத்து முழுதாக நுழைந்து தப்பும் அளவு ஓட்டைகள் இருக்கின்றனவா? இருந்தால் சோக்கை மாற்றுங்கள், தோட்டாவை மாற்றுங்கள், முப்பது கஜத்துக்கு வாருங்கள். எந்தத் தூரத்தில் வட்டம் நிறைகிறதோ அதுவே உங்கள் எல்லை. களத்தில் அந்த எல்லையில் ஒரு பொம்மை வாத்தை மிதக்க விடுங்கள். அதற்கு அப்பால் வருவது உங்களுடையது அல்ல.

கடல் கடந்து வந்து இந்த மண்ணில் வேட்டை உரிமம் எடுத்திருக்கும் நம்மவர்களிடம் தனியாக ஒரு வார்த்தை. ஆர்கன்சா வானில் நீங்கள் காணும் ஊசிவால் வாத்தும் தட்டைவாயனும் வேடந்தாங்கல் ஏரிக்கு வரும் அதே இனங்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் அந்த ஏரியில் சுட்டபோது, ஊர் மக்கள் கலெக்டரிடம் போய் முறையிட்டுச் சுடக் கூடாது என்று எழுதி வாங்கினார்கள். 1858இல் அதைப் புதுப்பித்தும் வாங்கினார்கள். பறவையின் எச்சம் கலந்த நீர் தங்கள் வயலுக்கு உரம் என்று அறிந்தவர்கள் அவர்கள். அந்த ஊரார் அதிகாரத்தின் வாசலில் போய் நின்றது பறவைக்காக. அவர்கள் வழிவந்த நாம் இங்கே சட்டப்படி துப்பாக்கி ஏந்துகிறோம். ஏந்துவதைத் தவறு என்று சொல்ல நான் வரவில்லை. கவனமில்லாமல் ஏந்த நமக்கு உரிமை இல்லை என்கிறேன்.

வரி கட்டுகிறோமே என்பார்கள் சிலர். உண்மை. 1934 முதல் வேட்டைக்கு அரசு விற்கும் வாத்து முத்திரையை வாங்கிச் சதுப்பு நிலங்களைக் காக்கிறோம். 1937இல் இயற்றிய சட்டத்தின்படி, ஒவ்வொரு ஷாட்கன்னிலும் தோட்டாவிலும் இன்று 11 சதவீத வரி வனவிலங்குக்குப் போகிறது. வட அமெரிக்கா 1970 முதல் ஏறத்தாழ முந்நூறு கோடிப் பறவைகளை இழந்துவிட்டது என்று 2019இல் வெளியான ஆய்விலும், நீர்ப்பறவைகள் பெருகியிருந்தன. அதில் வேட்டைக்காரர் பணத்துக்குப் பெரிய பங்குண்டு, அதை நன்றியோடு சொல்ல வேண்டும். ஆனால் 25 டாலர் முத்திரை சதுப்பு நிலத்தை வாங்கும், நாணலுக்குள் கிடக்கும் பறவையின் மூன்று நாள் வேதனையை வாங்காது.

ஆகவே இந்த வாரமே செய்யுங்கள். இந்த வாரமே குளிர்ச்சட்டையோடு கடைக்குப் போங்கள். இந்த வாரமே அடைப்புக் குச்சியைப் பாருங்கள். இந்த வாரமே பறக்கும் களிமண் தட்டுகளைச் சுடும் பயிற்சித் திடலுக்குப் போய், புதுத் துப்பாக்கியால் நூறு தட்டு சுட்டுப் பழகுங்கள். குழலுக்குள் பனியோ சேறோ போனால் பார்த்துச் சுத்தம் செய்யும் குச்சியை வாங்கிப் பையில் போடுங்கள். இவையெல்லாம் திறப்பு நாளுக்கு முன் முடியவில்லை என்றால், அன்று துப்பாக்கியை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். உரிமத்தையும் நாயையும் மட்டும் கொண்டு வாருங்கள். மற்றவர்கள் வீழ்த்தி, கண்ணுக்குத் தெரியாமல் போனதை நாணல் ஓரமாகத் தேடுங்கள். கிடைத்ததைச் சுட்டவர் கையில் கொடுத்து, அவருடைய ஆறில் சேர்க்கச் சொல்லுங்கள்.